காலமான தமிழாசிரியர் வீட்டு நூல்கள் – வாங்கி விற்பதை முழுநேரத் தொழிலாக்கலாமா?

தாமிரபரணிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருநெல்வேலிப் பக்கம். பழைய புத்தகம் வாங்கி இணையத்தில் விற்பதை வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்து வருகிறேன். பெரும்பாலும் அறுபது, எழுபதுகளின் நாவல்கள், வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்து பைண்ட் பண்ணியவை, அந்த மாதிரி. இதையே முழுநேரமாகச் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

பக்கத்து ஊரில் ஒரு தமிழாசிரியர் காலமாகிவிட்டார். மூன்று பீரோ நிறைய புத்தகம், பரணில் இரண்டு டிரங்குப் பெட்டி, பூஜை அறையில் மஞ்சள் துணியில் சுற்றிய ஓலைச்சுவடிக் கட்டு ஒன்று. பிள்ளைகள் எல்லோரும் வெளியூரில். வீட்டை இடித்துக் கட்டப் போகிறார்கள். "மொத்தமா எடுத்துக்கோங்க தம்பி, இல்லன்னா ஆக்கர் கடைக்குப் போட்டுருவோம்" (பழைய பேப்பர் எடைக்கு வாங்கும் கடை) என்று மூத்த மகன் சொல்கிறார்.

என் கேள்விகள்: மொத்தமாக எடுப்பதா, நல்லதை மட்டும் பொறுக்குவதா? விலை எப்படிப் பேசுவது? சுவடியை நான் வாங்கலாமா? இந்தத் தொழிலில் ஒரு குடும்பம் பிழைக்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் மறைக்காமல் சொல்லுங்கள்.

---

புதுமண்டபத்தான் எழுதியது:

தம்பி, நான் மதுரையில் இந்தத் தொழிலிலேயே வளர்ந்தவன். ஒரே பதில்: பொறுக்குங்க. மூணு பீரோவும் எடுத்தா அதுல பாதி நோட்ஸ், கைடு, கும்பாபிஷேக மலர், பக்கம் கிழிஞ்ச அகராதின்னு இருக்கும். அதை எங்க வைப்பீங்க? குடோன் வாடகை மாசாமாசம் வரும், புத்தகம் வித்த காசு மாசாமாசம் வராது. நல்ல பதிப்பா நாப்பது அம்பது எடுத்துக்கிட்டு நியாயமான விலை குடுத்துட்டு வந்துருங்க. வீட்டுக்காரருக்கும் சந்தோஷம்.

---

பழம்பதிப்பு எழுதியது:

தம்பி தாமிரபரணிக்கரை, மதுரை அண்ணன் சொன்ன குடோன் கணக்கு நிஜம். ஆனாலும் நான் நேர்மாறாகச் சொல்கிறேன். மொத்தமாக எடுங்கள், அல்லது தொடாதீர்கள்.

என் மாமாவுக்குச் சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை. 1985-ல் அது எரிந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். பிறகு அல்லிக்குளம் பக்கம் தள்ளினார்கள். திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதை, ஞாயிற்றுக்கிழமை தரைக்கடை, எல்லாம் பார்த்தாயிற்று. இப்போது கடை கிடையாது, வீட்டிலிருந்து பட்டியல் அனுப்பி விற்கிறேன். இந்தத் தொழிலைப் பற்றி வெளியே இருப்பவர்கள் நினைப்பது, தூசிக்குள் கை விட்டால் புதையல் வரும் என்று. உண்மையில் இது சாவு வீடும் வீடு காலி செய்வதுமாக ஓடுகிற தொழில். யாராவது இறந்த பிறகோ, சொத்து பிரிக்கும்போதோ, மனை புரோக்கர் வந்த பிறகோதான் நமக்குத் தகவல் வரும். வருத்தத்தில் இருக்கிறவர்களிடம் விலை பேசுகிறோம் என்கிற நினைப்பு ஒரு நிமிடமும் போகக் கூடாது. அம்மாவின் கையெழுத்து உள்ள சமையல் நோட்டு நடுவில் கிடந்தால் எடுத்துக் கையில் கொடுங்கள். அதை விற்கலாம் என்று தோன்றினாலும் கொடுங்கள்.

மொத்தமாக எடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஒரு தமிழாசிரியர் நாற்பது ஐம்பது ஆண்டு சேர்த்த நூல்கள் தனித்தனிப் புத்தகங்கள் அல்ல. எந்த உரையை எந்த உரையோடு வைத்துப் படித்தார், ஓரத்தில் என்ன பாடபேதம் (பிரதிக்குப் பிரதி மாறும் சொல்) குறித்தார், யார் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள், எந்தச் சங்கக் கூட்ட நோட்டீசை எந்தப் பக்கத்தில் அடையாளமாகச் செருகினார் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சேகரம். நாற்பது நூலை உருவிவிட்டால் மிச்சம் எடைக்குத்தான் போகும். உருவிய நாற்பதும் எங்கிருந்து வந்தன என்பது இரண்டு கை மாறியதும் மறந்துவிடும்.

செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்ததை நினைத்துப் பாருங்கள். நூல், இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று ஏறக்குறைய ஒரு லட்சம். அவர் 1992-ல் மறைந்த பிறகு அது பிரிந்து போயிருந்தால் இன்று அதில் பாதிக்கு மேல் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சிகாகோ பல்கலைக்கழகம் 1994-ல் முழுச் சேகரமாக வாங்கி, வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தது. முழுசாக வாங்கினார்கள், இங்கேயே வைத்தார்கள். இந்த இரண்டும் நடந்ததால்தான் இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றி ஆய்வு செய்பவர் தரமணிக்குப் போகிறார்.

விலை விஷயம். வீட்டுக்காரரிடம் "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அவருக்கு விலை தெரியாது. தெரியாதவரைச் சொல்ல வைத்து அதிலும் குறைப்பது திருட்டுக்கு அடுத்த வீடு. நீங்கள் பார்த்து, இன்னின்ன நூல்களுக்கு நல்ல விலை வரும், இன்னின்னதற்கு வராது என்று திறந்து சொல்லி, ஒரு தொகை சொல்லுங்கள். மிக அரிய ஒன்றிரண்டு இருந்தால் அதை மட்டும் விற்ற பிறகு பங்கு தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன். அடுத்த வீட்டுத் தகவல் எனக்கு வருவதே இந்த வீட்டுக்காரர்கள் சொல்லித்தான்.

---

புதுமண்டபத்தான் எழுதியது:

சென்னை அண்ணன் சொல்றது நியாயம். ஆனா முதல் போடுற காசு யாருடையது? புதுசா வர்ற பையன் வட்டிக்கு வாங்கி மூணு பீரோ எடுத்து ரெண்டு வருஷம் வித்துக்கிட்டிருந்தா தொழிலே வெறுத்துரும். நூலகங்களும் காசைச் சீக்கிரம் தர்றதில்லை. நான் ஒரு கல்லூரிக்கு நூல் குடுத்துட்டு பில் பாஸாக அடுத்த கல்வியாண்டு வரைக்கும் காத்திருந்திருக்கேன். அதையும் சொல்லணும்ல.

---

பழம்பதிப்பு எழுதியது:

சொல்ல வேண்டியதுதான் அண்ணே. முழுநேரமாக இறங்கும் முன்பு ஓராண்டுக் குடும்பச் செலவு தனியாக இருக்க வேண்டும். இந்தத் தொழிலில் பணம் மாதச் சம்பளமாக வருவதில்லை. என் வீட்டில் அரிசி பருப்புக்கு வருவது பள்ளிப் பாடநூலும் போட்டித் தேர்வு நூலும் விற்றுத்தான். அரிய நூலில் வருவது அடுத்த சேகரம் வாங்கவே சரியாக இருக்கும். தம்பி இப்போது விற்கிற நாவல்களை விட்டுவிட வேண்டாம். அதுதான் உங்கள் அரிசி.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

மிக்க நன்றி. ஒரு சந்தேகம். பீரோவில் மேலாகப் பார்த்தபோது பல நூல்களில் முதல் பக்கமே இல்லை. சிலதில் ஆங்கில ஆண்டு இல்லாமல் "சர்வசித்து வருஷம்" என்று மட்டும் இருக்கிறது. சிலதில் தமிழ் எண். முதற்பதிப்பா மறுபதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

---

பழம்பதிப்பு எழுதியது:

நல்ல கேள்வி. இந்தத் தொழிலில் முக்கால்வாசிப் படிப்பு இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அறுபது ஆண்டுச் சுற்றில் சர்வசித்து 1827, 1887, 1947 மூன்றிலும் வரும். இந்த மூன்றில் எது என்பதை நூலே சொல்லும். 1827 என்றால் அச்சகங்களே கைவிரல் விட்டு எண்ணும் அளவு. 1835-ல் தலைமை ஆளுநர் பொறுப்பில் இருந்த மெட்காஃப் அச்சுக் கட்டுப்பாட்டைத் தளர்த்திய பிறகுதான் நம்மவர் அச்சுக்கூடங்கள் பெருகின. 1947 என்றால் விலை ரூபாய் அணாவில் இருக்கும், அட்டை, தாள் எல்லாம் போர்க்கால மலிவுத் தாள் சாயலில் இருக்கும். நடுவில் உள்ள 1887-க்குத் தலைப்புப் பக்கத்தில் ௧௮௮௭ என்று தமிழ் எண்ணும், "சென்னபட்டணம்" என்று ஊர்ப்பெயரும், அச்சுக்கூடத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அந்த ஆண்டுதான் உ.வே.சா. சீவக சிந்தாமணியும் தாமோதரம்பிள்ளை கலித்தொகையும் வெளியிட்டார்கள். அந்த வருஷப் பெயரைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை நிதானமாகிவிடும்.

தலைப்புப் பக்கம் இல்லாவிட்டால் முகவுரையைப் பாருங்கள். மறுபதிப்பில் "இரண்டாம் பதிப்பின் முகவுரை" தனியாக வரும். பின்பக்க விளம்பரத்தையும் விடாதீர்கள். அதே பதிப்பாசிரியரின் "அச்சில் உள்ளவை" பட்டியலில் எந்த நூல் வரை இருக்கிறது என்று பார்த்தால் ஆண்டு ஏறத்தாழ அகப்படும். உதாரணமாக, உ.வே.சா.வின் புறநானூறு 1894-ல் வந்தது, மணிமேகலை 1898-ல். விற்பனைப் பட்டியலில் மணிமேகலை இருந்தால் அந்தப் பிரதி 1898-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை.

இருபதாம் நூற்றாண்டு நூல்களுக்கு விலையும் முகவரியும் போதும். அணா என்றால் பொதுவாக 1957 ஏப்ரலுக்கு முன். "நயா பைசா" என்றால் 1957 முதல் 1964 வரை. முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். "தமிழ்நாடு" என்று மாநிலப் பெயர் அதிகாரபூர்வமானது 1969-ல். எழுத்து வடிவம் இன்னொரு சாட்சி. "லை", "ணை", "னை"யில் யானைக்கொம்பு போன்ற பழைய சுழி இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்த அரசாணைக்கு முந்தியது என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் புதிதாக வருபவர்கள் இங்கே ஒன்றைத் தவற விடுகிறார்கள். பெரியார் 1935 ஜனவரியிலேயே குடி அரசு இதழில் சீர்திருத்த எழுத்தைப் புகுத்திவிட்டார். சுயமரியாதை இயக்கத்தின் முப்பது, நாற்பதுகளின் சிறு வெளியீடுகளைப் பார்த்து "புது எழுத்து, எண்பதுகளின் மறுபதிப்பு" என்று ஓரணா நூலை எடைக்குத் தள்ளியவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். விலையும் தாளும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

கையில் வைத்திருக்க வேண்டிய கருவி நூல்கள்: ஜான் மர்டாக் 1865-ல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல் பட்டியல். பிரிட்டிஷ் மியூசியத்துக்காக பார்னெட்டும் போப்பும் 1909-ல் வெளியிட்ட தமிழ் நூற்பட்டியல். 1867 பதிவுச் சட்டத்துக்குப் பிறகு மாகாண அரசு காலாண்டுக்கு ஒரு முறை வெளியிட்ட நூல் விவரங்கள். அந்தக் காலாண்டுப் பட்டியலில் அச்சகம், பக்கம், விலை, எத்தனை படி அச்சிட்டார்கள் என்பது வரை இருக்கும். படியெண்ணிக்கை தெரிந்தால் "அரியது" என்று நாம் சொல்வதற்கு ஆதாரம் கிடைக்கிறது. இல்லாவிட்டால் அது வெறும் வியாபாரப் பேச்சு.

இன்னொன்று. பழையது எல்லாம் அரியது அல்ல. 1880-களின் தேவார, திருவாசகப் பதிப்புகளை வீட்டுக்கு வீடு பூஜை அறையில் பத்திரமாக வைத்திருந்தார்கள், இன்றும் கிடைக்கின்றன. சென்னைக் குஜிலிக் கடைத்தெருவில் காலணாவுக்கு விற்ற கொலைச் சிந்து, ரயில் விபத்துப் பாட்டு, பெரிய எழுத்துக் கதை, சினிமாப் பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் ஆகியவற்றை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அதனால் 1930-களின் எட்டுப் பக்கப் பாட்டுப் புத்தகம் ஒன்று 1880-களின் கனத்த உரைநூலைவிட அரியதாக இருக்கும். உங்கள் ஆசிரியர் வீட்டில் நான் முதலில் பார்க்க விரும்புவது பீரோவை அல்ல, பரண் மேல் இருக்கும் டிரங்குப் பெட்டிகளை.

---

ஏடுகாப்பு எழுதியது:

நான் சுவடிப் பாதுகாப்பில் வேலை செய்கிறவள். சுவடிக் கட்டைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தம்பி, முதலில் அதைப் பிரிக்காதீர்கள். பூஜை அறையில் பல ஆண்டு புகையும் எண்ணெயும் ஏறிய ஓலைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். இழுத்தால் துளைப்பக்கம் பிளக்கும். தண்ணீர், நனைந்த துணி, தேங்காயெண்ணெய் எதுவும் வேண்டாம். காய்ந்த ஓலைக்கு நெகிழ்ச்சி தர எலுமிச்சைப்புல் எண்ணெய், எழுத்துத் தெரிய விளக்குக் கரி என்று இருக்கிறது. ஆனால் எவ்வளவு, எப்போது என்பதைப் பழகியவர்தான் செய்ய வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கயிறு இற்றுப்போயிருந்தாலும் புதுக் கயிறு கோக்காதீர்கள். ஏட்டு வரிசை கலைந்துவிடும்.

முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் மட்டும் படம் எடுங்கள். கடைசி ஏட்டில் "எழுதி நிறைந்தது" என்ற வரிக்குப் பக்கத்தில் வருடம், மாதம், கிழமை, யாருக்காக யார் எழுதினார் என்று இருக்கலாம். உங்கள் பகுதியாதலால் மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டு போட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு ஏறத்தாழ வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எ–ஏ, ஒ–ஓ வேறுபாடு இருக்காது. அதைப் பார்த்துப் பிழை என்று நினைக்காதீர்கள், ஓலையில் எழுதும் வழக்கமே அது.

இனி சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைப்பொக்கிஷச் சட்டப்படி, அறிவியல், வரலாறு, இலக்கியம் அல்லது கலை மதிப்புள்ள கையெழுத்துச் சுவடி 75 ஆண்டு கடந்தால் தொல்பொருள். மற்றப் பொருள்களுக்குத்தான் 100 ஆண்டு. தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. உங்கள் சுவடிக் கட்டு 75 ஆண்டுக்கு மேற்பட்டதாகத்தான் இருக்கும். அதை விலைக்கு வாங்கி விற்கும் நினைப்பை விடுங்கள். குடும்பத்திடம் பேசி, அவர்கள் பெயரிலேயே ஒரு சுவடி நூலகத்துக்குக் கொடுக்கச் செய்யுங்கள். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது, உ.வே.சா. நூலகம் இருக்கிறது; தஞ்சையில் சரசுவதி மகால். கொடுத்தவர் பெயரும் ஊரும் பதிவேட்டில் ஏறும்.

கரிவலம்வந்தநல்லூரில் ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டார்கள் என்று கேட்டு உ.வே.சா. பதறியதை அவரே எழுதியிருக்கிறார். அது உங்கள் பக்கத்து ஊர்தான் தம்பி. உங்கள் கையில் கிடைத்த கட்டு அப்படிப் போகாமல் மிஞ்சியது.

---

அச்சுவரலாறு_மாணவி எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். பழம்பதிப்பு ஐயா சொன்ன விவரங்கள் எல்லாம் பயன் உள்ளவை. ஆனாலும் ஆய்வு செய்பவர் பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பெண்கள் எழுதி வெளியிட்ட பழைய நூல்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு நூல் ஒரு வியாபாரியிடம் இருப்பதாகத் தெரிந்து கேட்டேன். படம் எடுக்கக்கூட அனுமதி இல்லை, "படம் வெளியே போனால் விலை போகாது" என்றார். பிறகு ஒரு தனியார் சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டார். அவர் யார் என்று சொல்ல மறுத்துவிட்டார். உலகத்தில் வேறெங்கும் படி இல்லாத நூல் இப்போது யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. நூலைக் காப்பாற்றினேன் என்று வியாபாரி சொல்வதில் எனக்கு என்ன பயன்? ஆக்கர் கடைக்குப் போயிருந்தாலும் நான் படித்திருக்க முடியாது, இப்போதும் முடியாது.

---

பழம்பதிப்பு எழுதியது:

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. எல்லா வியாபாரிக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

வேறெங்கும் படி இல்லை என்று தெரிந்த நூல் கையில் வந்தால், விற்கும் முன் தலைப்புப் பக்கம், முகவுரை, சாற்றுக்கவி (நூலைப் பாராட்டிப் பிறர் எழுதிய பாட்டு), கடைசிப் பக்கம் ஆகியவற்றைப் படமெடுத்து வைக்கிறேன். பதிப்புரிமை முடிந்த நூல் என்றால், அதாவது ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு தாண்டியிருந்தால், முழு நூலையும் மின்படியாக்கி ஒரு பொது மின்னூலகத்துக்குக் கொடுத்த பிறகுதான் விற்பேன் என்று வாங்குபவரிடமே சொல்லிவிடுவேன். "அப்படியானால் வேண்டாம்" என்று போனவர்கள் உண்டு. போகட்டும். நல்ல சேகரிப்பாளர் மின்படிக்குப் பயப்படமாட்டார். அவர் வாங்குவது தாளையும் தையலையும் அச்சையும்.

படம் போனால் விலை போகாது என்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நூலகப் பட்டியலில் ஏறி, கட்டுரைகளில் மேற்கோளாகி, நாலு பேர் தேடத் தொடங்கிய நூலுக்குத்தான் விலை கூடுகிறது.

கடிதங்கள் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். ஓர் எழுத்தாளரின் கடிதத்தை நான் வாங்கினால் அந்தத் தாள்தான் என்னுடையது. எழுதியதன் உரிமை அவர் வாரிசுகளுடையது. அதை நான் இணையத்தில் போட முடியாது. இது பலருக்குத் தெரிவதில்லை.

---

வடமராட்சி_டொராண்டோ எழுதியது:

வணக்கம். நான் கனடாவில இருக்கிறன். பழம்பதிப்பு அண்ணை, உங்களிட்ட ரெண்டு மூண்டு தடவை வாங்கியிருக்கிறன், பெயர் சொன்னால் உங்களுக்கு ஞாபகம் வரும்.

எங்கட ஆக்களுக்கு இந்த விஷயம் வேற மாதிரி. 1981 ஜூன் முதலாந் திகதி இரவு யாழ்ப்பாண நூலகம் எரிஞ்சது. கிட்டத்தட்ட 97,000 நூல்கள், அதோட ஏடுகள். அதுக்குப் பிறகு இடப்பெயர்வுகளில வீட்டுச் சேகரங்களும் போச்சுது. மானிப்பாயில அமெரிக்க மிஷன் அச்சடிச்ச நூல்கள், 1842 யாழ்ப்பாண அகராதி, ஆறுமுக நாவலரின்ர பாலபாடங்கள், கோயில் பதிகங்கள், ஊர்ப் பள்ளிக்கூட மலர்கள் எண்டு நாங்கள் தேடுறது இப்ப தமிழ்நாட்டுப் பழைய புத்தகக் கடைகளிலதான் அகப்படுகுது. தாமோதரம்பிள்ளையும் நாவலரும் சென்னையில அச்சிட்டதாலதான் அதுகள் அங்க மிஞ்சிச்சுது. அதனால எனக்கு வியாபாரி எண்டால் கோபம் வாறதில்லை. ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டோம் எண்டு சிலர் சொல்லேக்க கவலையாயிருக்கு. என்ன செய்யலாம்?

தம்பி தாமிரபரணிக்கரை, அந்தப் பெட்டியளுக்குள்ள இலங்கை அச்சு ஏதும் இருந்தால், தயவுசெய்து முதல்ல "நூலகம்" மின்னூலகக்காரருக்குத் தெரியப்படுத்துங்கோ. விலைக்கு வாங்கிறதுக்கு நானிருக்கிறன். ஆனால் ஸ்கேன் முதல்ல.

---

பழம்பதிப்பு எழுதியது:

வடமராட்சி ஐயா, நினைவிருக்கிறது. 1970-களின் நூல் என்றால் அஞ்சலில் அனுப்பத் தடையில்லை. நூறாண்டு நெருங்கிய அச்சு நூல் என்றால் சுங்கத்தில் கேள்வி வரும். தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கி அனுப்புவதே முறை. சான்று கிடைக்காவிட்டால் அனுப்பக் கூடாது. கதை நூல் என்று எழுதி நடுவில் செருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். உங்களுக்கு வேண்டிய பழைய அச்சை நீங்கள் விலை கொடுத்து வாங்கி, இங்கேயே ஒரு நூலகத்தில் உங்கள் ஊர்ப் பெயரில் வைக்கச் சொல்லி, மின்படியை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். சென்ற முறை பதிகங்களுக்கு அப்படித்தானே செய்தோம்.

---

ஏடுகாப்பு எழுதியது:

எங்கிருந்து வந்தது என்று தெரியாத நூலை ஏன் தொடக் கூடாது என்பதற்கும் ஒரு வார்த்தை. ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாட்டுப் படி ஒன்று தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 2005-ல் காணாமல் போனது. 2022-ல் தமிழ்நாடு சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு அது லண்டனில் ஒரு சேகரத்தில் இருப்பதைக் கண்டறிந்தது. இத்தனைக்கும் அது நூலக முத்திரையும் மன்னர் சரபோஜியின் தொடர்பும் உள்ள பிரதி. அப்படிப்பட்டதே கடல் கடந்து போகிறது என்றால், முத்திரை சுரண்டிய சாதாரண நூல்கள் எத்தனை போயிருக்கும்!

தாமிரபரணிக்கரை தம்பி, நூலக முத்திரை உள்ள நூல் அந்த வீட்டில் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். "நீக்கப்பட்டது" என்ற முத்திரை இருந்தால் பிரச்சினை இல்லை. இல்லாவிட்டால் அந்த நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் இரவல் வாங்கித் திருப்ப மறந்ததாகவும் இருக்கலாம். முத்திரை மேல் தாள் ஒட்டியோ, பிளேடால் சுரண்டியோ இருந்தால் அதை விற்கவே கூடாது.

போலி பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் தாமஸ் வைஸ் என்ற பெரும் சேகரிப்பாளர், புகழ்பெற்ற கவிஞர்களின் "முதற்பதிப்புகளை"த் தாமே முன்தேதியிட்டு அச்சிட்டு விற்றார். 1934-ல் ஜான் கார்ட்டர், கிரகாம் போலார்ட் என்ற இரண்டு இளம் புத்தக வியாபாரிகள் அதை வெளிக்கொண்டு வந்தார்கள். 1840-களின் ஆண்டு போட்ட நூலின் தாளில், 1860-களுக்கு முன் அங்கே தாளாக்கப் பயன்படாத எஸ்பார்ட்டோ புல் நார் இருந்தது. நம்மிடையே இந்த அளவுக்கு நடந்து நான் பார்த்ததில்லை. அடிக்கடி பார்ப்பது, விடுபட்ட தலைப்புப் பக்கத்தை நகலெடுத்து, தேயிலைத் தண்ணீரில் நனைத்துப் பழுப்பாக்கி ஒட்டுவது. வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்தால் தாளின் ஊடு வேறாகத் தெரியும், அச்செழுத்தின் அழுத்தம் பின்பக்கத்தில் தட்டுப்படாது.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

நேற்றும் இன்றும் அந்த வீட்டில்தான் இருந்தேன். மூத்த மகனும் கூட இருந்தார். நீங்கள் சொன்னபடி எதையும் இடம் மாற்றாமல், முதலில் ஒவ்வொரு தட்டையும் அப்படியே படம் எடுத்தேன்.

பீரோவில் பெரும்பகுதி கழக (சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம்) வெளியீடுகள். 1940-ல் சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியத் தொகுதி இருக்கிறது, வையாபுரிப்பிள்ளை பதிப்பு, காலமான தமிழாசிரியர் ஓரமெல்லாம் பென்சிலில் எழுதியிருக்கிறார். கழகத்தின் செந்தமிழ்ச் செல்வி இதழ்கள் ஆண்டு வாரியாக, நடுவில் சில இல்லை. "சர்வசித்து" நூல் 1887 இல்லை, 1947; விலை அணாவில். ஏமாற்றம்தான், ஆனால் கண்டுபிடித்தது நானே என்பதில் ஒரு நிறைவு.

பழம்பதிப்பு ஐயா சொன்னது பலித்தது. டிரங்குப் பெட்டி ஒன்றில் நாடக நோட்டீஸ், இலக்கிய மன்ற அழைப்பிதழ்கள், ஓரணாப் பாட்டுப் புத்தகங்கள், உள்ளூர் அச்சகத்தில் அடித்த திருமண வாழ்த்து மடல்கள். ஆண்டு வாரியாகச் சணலால் கட்டியிருக்கிறார். இன்னொரு பெட்டியில் புலவர் சிலரோடு நடந்த கடிதப் போக்குவரத்து. சில தாள்கள் தொட்டால் உதிர்கின்றன. ஓரத்தில் கறையான் தடம், நடுவில் இராமபாணப் பூச்சி துளைத்த வட்டங்கள்.

மூத்த மகன் அந்தக் கடிதங்களை உட்கார்ந்து படிக்கத் தொடங்கிவிட்டார். அவற்றை விற்கப் போவதில்லை என்கிறார். சுவடியைக் குடும்பத்தின் பெயரில் நூலகத்துக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டார். மற்றதை நான் எடுக்கலாம். விலையை நான் சொன்னேன், பங்கு விஷயத்தையும் எழுதிக் கொடுத்தேன். அவர் கூடுதல் கேட்கவில்லை. "அப்பா பேர் எங்கேயாவது இருக்கணும்" என்றார்.

இனி என் கேள்வி: நோட்டீஸ் கட்டுகளை எப்படி விற்பது? தனித்தனியாகக் கேட்டு ஏற்கெனவே இரண்டு பேர் செய்தி அனுப்பிவிட்டார்கள். சினிமாப் பாட்டுப் புத்தகத்துக்கு மட்டும் நல்ல விலை சொல்கிறார்கள்.

---

புதுமண்டபத்தான் எழுதியது:

இப்ப பாத்தா தம்பி சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. பாட்டுப் புத்தகத்துல ரெட்டைப் பிரதி இருந்தா அதை மட்டும் குடுங்க, போட்ட காசுல கொஞ்சம் உடனே திரும்பும். மிச்சத்துல கை வைக்க வேணாம். கழக வெளியீட்டுல என்கிட்ட ஆள் இருக்கு, லாட்டா எடுப்பாங்க. தனியா எழுதுங்க.

---

அச்சுவரலாறு_மாணவி எழுதியது:

ஆண்டு வாரியாகக் கட்டிய நோட்டீஸ்களா! தயவுசெய்து அந்தச் சணலைக் கூட அவிழ்க்காதீர்கள். ஒரு சிற்றூரில் எந்த ஆண்டு என்ன நாடகம் போட்டார்கள், யார் பேச வந்தார்கள், எந்த அச்சகம் அடித்தது என்பதற்கு வேறு ஆவணமே இருக்காது. எங்கள் துறையில் நிதி கேட்க முடியுமா என்று நாளை விசாரிக்கிறேன். உறுதி சொல்ல முடியாது. பட்டியல் போட ஆள் வேண்டும் என்றால் விடுமுறையில் நானே வருகிறேன்.

---

பழம்பதிப்பு எழுதியது:

தம்பி, கட்டுகளைப் பிரிக்காமல் ஒரே சேகரமாக விலை சொல்லுங்கள். முதலில் ஒரு நூலகத்துக்கு எழுதுங்கள். மூன்று மாதம் காத்திருங்கள். எழுதும்போது படமும், கட்டு எத்தனை, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை, எந்த வீடு, எந்த ஊர் என்பதும் வேண்டும். ஆசிரியர் பெயரில் சேகரம் அமையும் என்று அவர்கள் எழுத்தில் தந்தால் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த மகன் கேட்டது அதுதான்.

உதிரும் தாளை பாலித்தீன் உறையில் போடாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அமிலமில்லாத தாள் கிடைக்கும் வரை சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டமாக வையுங்கள். கறையான் தடம் உள்ள பெட்டியை மற்ற நூல்கள் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். செந்தமிழ்ச் செல்வியில் எந்தெந்த இதழ் இல்லை என்று எழுதி அனுப்புங்கள். என்னிடம் உதிரியாகச் சில இருக்கின்றன, வரிசை நிறைவானால் இரட்டை மதிப்பு. விலை வேண்டாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா மாணவி, நீங்கள் பட்டியல் போடப் போவதென்றால் ஒவ்வொரு நோட்டீசின் அடியிலும் உள்ள அச்சகப் பெயரைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். திருநெல்வேலிச் சிற்றச்சகங்களுக்கு இதுவரை நான் பார்த்த பட்டியல் எதிலும் வரிசை இல்லை.

---

தாமிரபரணிக்கரை எழுதியது:

விடுபட்ட இதழ்களின் விவரம் இன்றிரவு அனுப்புகிறேன் ஐயா. மாணவி அக்கா, நீங்கள் வரும் தேதி சொன்னால் வீட்டில் அம்மாவிடம் சொல்லி அறை ஒதுக்கச் சொல்கிறேன். வடமராட்சி ஐயா, இரண்டாவது பெட்டியின் அடியில் யாழ்ப்பாண அச்சில் ஒரு பதிகம் கிடைத்தது. எட்டுப் பக்கம், தலைப்புப் பக்கம் முழுசாக இருக்கிறது. ஸ்கேன் செய்ததும் இங்கேயே சொல்கிறேன்.